கூண்டு ஏறும் முன்னே கட்டி வைத்த பை

எங்கள் ஊரில் மழை விட்ட பிறகுதான் என் கடையில் கூட்டம் கூடும். ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில் இருக்கும் பெயர். பட்டா நகல் எடுத்துக் கொடுப்பது, சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுவது, பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பணம் கட்டுவது, நிவாரணப் படிவம் நிரப்புவது எல்லாம் நடக்கும். தண்ணீர் வடிந்ததும் ஈரக் கவர்களோடு வருவார்கள். மடித்த மடிப்பிலேயே ஒட்டிப்போன பத்திரம், மை ஓடி நீலமாகிப்போன பேங்க் பாஸ்புக், லேமினேஷனுக்குள் தண்ணீர் புகுந்து வெளிறிப்போன மதிப்பெண் சான்றிதழ். "இத ஒரு காப்பி எடுத்துக் குடும்மா, தெரியுதா பாரு" என்பார்கள். தெரியாது. மெஷினில் வைத்தால் கண்ணாடி ஈரமாவதுதான் மிச்சம்.

அதனால் ஐப்பசி பிறந்ததும் கடைக்கு வருகிறவர்களிடம் "பை கட்டி வச்சிட்டீங்களா?" என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. சிரிப்பார்கள். "எங்க போறதுக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல முடியவில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இணையத்தில் அவசரகாலப் பை என்று தேடினால் வருகிற பட்டியல்கள் பெரும்பாலும் நமக்கு ஒத்துவராது. தீமூட்டும் கல், திசைகாட்டி, மடக்கு மண்வெட்டி, டப்பாவில் அடைத்த இறைச்சி. காட்டுக்குள் மாட்டிக்கொண்டவருக்கு அது சரி. நாம் போகப்போவது பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ, இல்லாவிட்டால் பரமக்குடியில் இருக்கும் சித்தி வீட்டுக்கோ. அங்கே போய்விட்டால் எப்படியும் ஒரு வாய் சோறு கிடைத்துவிடும். போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவதுதான் எங்கள் கரையின் ஆபத்து. அதனால் பை கட்டும்போது நான் யோசிப்பது இதைத்தான்: இந்த வீட்டில் கிளம்ப மாட்டேன் என்று சொல்லப்போவது யார், எதைச் சாக்குச் சொல்லி?

எங்கள் வீட்டில் அது மாமியார்.

அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தபோது சின்னப் பிள்ளை. ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், சர்ச், தலைமன்னாருக்குக் கப்பல் என்று இருந்த ஊர் விடிவதற்குள் இல்லாமல் போனது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653 பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை வாரிக்கொண்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. மாமியாரைத் தோளில் போட்டுக்கொண்டு அவருடைய அப்பா மணல்மேட்டில் ஏறியிருக்கிறார். கையில் வேறு ஒன்றும் இல்லை. பிறகு அந்த ஊரே வாழத் தகுதியில்லாதது என்று அரசு அறிவித்துவிட்டது. "அங்க எங்களுக்கு வீடு இருந்துச்சுன்னு சொல்ல ஒரு துண்டுக் காயிதம் கெடயாது" என்று இப்போதும் சொல்வார்.

இப்படிப்பட்டவர்தான் முதல் ஆளாகக் கிளம்புவார் என்று நினைப்பீர்கள். நேர் எதிர். "தனுஷ்கோடியப் பாத்தவ நான். இதெல்லாம் ஒரு காத்தா?" என்று கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். 2020 டிசம்பரில் புரெவி வந்தபோதும் அதே பேச்சுதான். அந்தப் புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, எங்கள் மாவட்டக் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்று பலம் இழந்தது. பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததால் மாமியார் கட்சி வலுத்துவிட்டது. 2004 சுனாமியிலும் நாகப்பட்டினம் பட்ட பாட்டை எங்கள் பக்கம் படவில்லை. இலங்கை நமக்கு மதில் மாதிரி நிற்கிறது, எதுவும் வராது என்று இந்தக் கரையில் பலருக்கு ஒரு நம்பிக்கை. 64 புயலும் இலங்கையைத் தாண்டித்தான் வந்தது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சண்டை போட்டு அவரை நகர்த்த முடியாது. ஒருநாள் பேச்சுவாக்கில், "மாமி, இந்த வீட்டுல எத விட்டுட்டு வர உங்களுக்கு மனசு வராது?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, கடகடவென்று சொன்னார். வேளாங்கண்ணி மாதா படம். மாமனாரின் ஒரே போட்டோ. வீட்டுப் பத்திரம். நகை அடகு வைத்த ரசீது. வெற்றிலை இடிக்கிற சின்ன இரும்பு உரல். அவ்வளவுதான். போட்டோவை ஸ்கேன் செய்து புதிதாக ஒன்று அச்செடுத்துச் சுவரில் மாட்டினேன். அசல் பைக்குள் போயிற்று. மாதா படம் சிறிய அளவில் ஒன்று வாங்கி அதையும் உள்ளே வைத்தோம். உரலைப் பற்றி என் வீட்டுக்காரர் சிரித்தார். உயிர் காக்கும் பையில் பாக்கு இடிக்கிற உரலா என்று. இருக்கட்டும். அரைக் கிலோ இரும்பைச் சுமந்தால் ஐம்பது கிலோ மனுஷி கூடவே நடந்து வருகிறார் என்றால் எனக்கு லாபம்தான். இப்போது மாதம் ஒருமுறை அந்தப் பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பவரே அவர்தான்.

எப்போது கிளம்புவது என்பது அடுத்த சண்டை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் டிவியில் ஓடும், ஊரே எண்ணைப் பேசும். எண் ஏற ஏற ஆபத்தும் படிப்படியாக ஏறுகிறது என்று நினைக்கிறோம். முழுக்க அப்படி இல்லை. 1, 2 என்றால் தூரக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் அது இந்தத் துறைமுகத்தையே பாதிக்கலாம். 5, 6, 7 மூன்றும் ஆபத்தில் ஒரே படிதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேராக இதன் மேலேயே வருமா என்பதில்தான் வித்தியாசம். 8, 9, 10 என்பது அதே மூன்றும் கடும் புயலுக்கு. 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். ஆகவே "அஞ்சுதானே ஏத்திருக்கான், ஏழு ஏறட்டும் பாப்போம்" என்று டீக்கடையில் சொல்லும் அண்ணன்மார்கள் கவனிக்க.

எங்கள் வீட்டு ஏற்பாடு இது: 3 ஏறினால் எல்லா போனும் பவர் பேங்கும் சார்ஜில் போகும், பை கதவருகே வரும். 5 அல்லது அதற்கு மேல் எது ஏறினாலும் மாமியாரும் பிள்ளைகளும் கிளம்பியாக வேண்டும். அதற்கு முன்பே வி.ஏ.ஓ. சொன்னாலோ, ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து சொன்னாலோ அப்போதே. தீவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எதிர்க்கரையில் இருக்கும் மண்டபம் ஊருக்குப் போக நமக்கு இருப்பது ஒரே ரோட்டுப் பாலம். காற்று ஏறிவிட்டால் அதில் வண்டி விடமாட்டார்கள். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினாலே ரயிலை நிறுத்திவிடுவார்கள். புயலுக்கு அதெல்லாம் சாதாரண வேகம். பரமக்குடிச் சித்தி வீட்டுக்குப் போகிற எண்ணம் இருந்தால் வானம் தெளிவாக இருக்கும்போதே போய்விட வேண்டும். பக்கத்து வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும்.

கூண்டையே நம்பிக்கொண்டும் இருக்க முடியாது. 2024 நவம்பர் 20 அன்று புயலும் இல்லை, ஒன்றும் இல்லை. மேகம் வந்து நின்று கொட்டித் தீர்த்தது. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல், தங்கச்சிமடத்தில் 30க்கு மேல். 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதிகனமழை, சிவப்பு எச்சரிக்கை. பட்டப்பகலில் பிள்ளைகள் ஒரு பக்கம், பெரியவர்கள் ஒரு பக்கம் என்று இருக்கிற நேரத்தில் தண்ணீர் வாசல்படி ஏறியது. காற்றே இல்லாமல் கடல் உள்ளே வரும் கள்ளக்கடலும் இருக்கிறது. அதற்கு ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் எச்சரிக்கை விடும், டிஎன் அலர்ட், சச்செத் என்ற செயலிகளைப் போனில் போட்டு வைத்தால் நமக்கு வரும். சுனாமிக்கு மட்டும் பையே கிடையாது. நிலம் ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ பையை எடுக்கத் திரும்பாதீர்கள். ஓடுங்கள்.

சரி, பைக்கு வருவோம். புதிதாக வாங்க வேண்டாம். அரசுப் பள்ளியில் கொடுத்த பழைய புத்தகப்பை எல்லா வீட்டு அட்டத்திலும் கிடக்கும். ஜிப் ஓடினால் போதும். தோளில் மாட்டுவதாக இருக்க வேண்டும். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் மாமியார் என்று முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது தூக்குப்பை உதவாது. தண்ணீர் புகாத பை என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். நமக்கு அதற்கும் வழி இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் போன், பீடி, தீப்பெட்டி வைக்கக் கொண்டுபோகும் திருகுமூடி பிளாஸ்டிக் டப்பா, அகல வாய் உள்ளது, அதுதான் சரி. காகிதங்களைச் சுருட்டி அதற்குள் போட்டுவிட்டால் பை தண்ணீரில் விழுந்தாலும் டப்பா மிதக்கும். வாங்கும்போது மூடிக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கி வந்ததும் உள்ளே டிஷ்யூ காகிதம் ஒன்றைப் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி அமுக்கி வையுங்கள். காலையில் காகிதம் காய்ந்திருந்தால் டப்பா தேறியது.

காகிதங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகம் பேச்சு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் காகிதமும் ஒரே மதிப்புள்ளவை அல்ல. ஆதார் போனால் பயப்படத் தேவையில்லை; போன் நம்பர் இணைத்திருந்தால் ஓடிபி போட்டு இறக்கிக்கொள்ளலாம். சிக்கல் அந்த நம்பரில்தான் இருக்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம்மைத்தான் பாதிப் பேர் ஆதாரில் கொடுத்து வைத்திருக்கிறார்கள். புயல் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளில் முதல் வேலை அதைச் சரிபார்ப்பது. ரேஷன் ஸ்மார்ட் கார்டு, பட்டா, வில்லங்கச் சான்று எல்லாமே ஆன்லைனில் திரும்ப எடுக்கலாம். ஓட்டுநர் உரிமம் டிஜிலாக்கரில் வந்துவிடும். அதில் இருப்பது சட்டப்படி அசலுக்குச் சமம்.

போனால் உயிரை வாங்குகிறவை வேறு. கிரயப் பத்திரத்தின் அசல், தாய்ப் பத்திரம், பழைய மதிப்பெண் சான்றிதழ்கள், நகை அடகு ரசீது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தின் நகல் கிடைக்கும்தான். ஆனால் நாளை அந்த இடத்தை விற்கப் போனால் அசல் எங்கே என்பார்கள். போலீசில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று வாங்கி, பேப்பரில் விளம்பரம் கொடுத்து என்று நடக்க வேண்டும். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு சான்றிதழ் இழந்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம் நடத்தியது உண்மை. அந்த முகாமிலும் பழைய எண்ணோ நகலோ கையில் வைத்திருப்பவருக்கு வேலை சீக்கிரம் முடியும். எங்கள் பக்கத்தில் இவற்றோடு மீனவர் அடையாள அட்டை, நலவாரிய அட்டை, படகுப் பதிவுச் சான்று, டீசல் மானியப் புத்தகம், மகளிர் குழு பாஸ்புக் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வாங்குகிறவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும்.

டப்பாவுக்குள் வைக்கும் நகலை எங்கே எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தது ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கரையும். ஜெராக்ஸ் மெஷின், லேசர் பிரிண்டர் இரண்டிலும் தூளை உருக்கி ஒட்டுவதால் தண்ணீர் பட்டாலும் எழுத்து நிற்கும். அதேபோல டைரியில் போன் நம்பர் எழுதும்போது ஜெல் பேனா வேண்டாம், சாதாரண பால் பாயிண்ட் போதும். அசல் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். என் கடையில் லேமினேஷன் மெஷின் இருக்கிறது, எனக்கு வருமானம், இருந்தும் சொல்கிறேன். ஓரம் ஒரு இடத்தில் விட்டாலும் தண்ணீர் உள்ளே போய் வெளியே வராது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் நம்பகமான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். கடையில் வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரிண்ட் எடுத்தால், கடைக்காரர் அதை அழிக்கும் வரை நின்று பார்த்துவிட்டுப் போங்கள். என் கடையிலும்தான்.

எல்லாம் மீறி நனைந்துவிட்டதா? இஸ்திரிப் பெட்டி வேண்டாம், வெயில் வேண்டாம், ஒட்டிய தாளைப் பிய்க்கவும் வேண்டாம். கடல் தண்ணீர் பட்டிருந்தால், மை ஓடாத தாளாக இருந்தால், நல்ல தண்ணீரில் மெதுவாக முக்கி எடுத்து, நிழலில், வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்துக் காயவிடுங்கள். தாள் ஈரமாக ஈரமாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் என்னிடம் வாருங்கள்.

பணம், போன் விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்னவர் என் நாத்தனார். மல்லிப்பட்டினத்தில் வாக்கப்பட்டவர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது அங்கே துறைமுகத்தில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வீடு தப்பியது. கரண்ட் வரத்தான் வாரக்கணக்கில் ஆனது. ஏடிஎம் இல்லை, டவர் இல்லை, போனைக் காட்டிப் பணம் கொடுக்கும் பேச்சே இல்லை. கையில் ஐநூறு ரூபாய்த் தாள் இருந்தது, சில்லறை கொடுக்க ஒருவரிடமும் இல்லை. பால், மெழுகுவத்தி, ஜெனரேட்டர் வைத்திருப்பவரிடம் போன் சார்ஜ் எல்லாம் பத்து, இருபது வியாபாரம். அதிலிருந்து எங்கள் பையில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகவே பணம் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில்.

போனில் சார்ஜ் போனால் நம்பரும் போய்விடும் என்பதால் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்களோடு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108, கடலோரக் காவல்படை 1554. பேட்டரியில் ஓடும் சின்ன எஃப்எம் ரேடியோ ஒன்றும் இருக்கிறது. பாம்பனில் மீனவர்களுக்காகவே நடக்கும் கடல் ஓசை 90.4 எங்களுக்கு நன்றாக எடுக்கும். போனிலேயே ரேடியோ இருக்கிறதே என்பார்கள்; பல போன்களில் ஒயர் ஹெட்செட் சொருகினால்தான் எடுக்கும். அந்த ஒயரையும் போடுங்கள். டார்ச்சுக்குள் பேட்டரியைப் போட்டே வைக்காதீர்கள், உப்புக் காற்றுக்கு ஊறிப்போகும். தனியாகக் கவரில் கட்டி வையுங்கள்.

மருந்து. மாமியாருக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வந்ததும் புது அட்டையைப் பைக்குள் வைத்து, பையில் இருந்த பழைய அட்டையை எடுத்து அவர் சாப்பிடக் கொடுத்துவிடுவேன். காலாவதி என்ற பேச்சுக்கே இடமில்லை. மருந்துச் சீட்டின் நகல் டப்பாவில். பழைய கண்ணாடி ஒன்று, பவர் கொஞ்சம் மாறியிருந்தாலும் பரவாயில்லை. இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பயன்பாட்டில் உள்ள குப்பிகள் பல, வெயிலும் அதிகச் சூடும் படாமல் இருந்தால், ஃப்ரிட்ஜ் இல்லாமலும் சுமார் நான்கு வாரம் தாங்கும். வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதைவிட மண்சட்டியில் ஈரத்துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவது மேல். ஓஆர்எஸ் பொட்டலம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக்கூடாது.

தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதுவதைப் படித்தால் சிரிப்பு வரும். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர், மூன்று நாளைக்குச் சுமந்து போ என்பார்கள். ஐந்து பேர் வீட்டில் அது நாற்பத்தைந்து கிலோ. ராமநாதபுரத்துக்காரர்களுக்குத் தண்ணீர் சுமக்கச் சொல்லித் தர வேண்டாம், இருந்தாலும் புயலில் அது நடக்காது. ஆளுக்கு ஒரு பாட்டில் போதும், கூடவே குளோரின் மாத்திரை ஓர் அட்டை. எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று அட்டையிலேயே இருக்கும். போட்டு அரைமணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும்: குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. கடல் உள்ளே வந்து போன பிறகு மணலில் தோண்டும் ஊற்றெல்லாம் உப்பாகிவிடும். காவிரிக் குழாயும் கரண்ட் வந்தால்தான். அதனால் திரும்பி வந்த பிறகு குடிப்பதற்குத்தான் தண்ணீர் சேமிக்க வேண்டும். கிளம்பும் முன் மூடி போட்ட கேன்களில் விளிம்பு வரை நிரப்பி, உயரமான இடத்தில் கயிற்றால் கட்டி வைத்துவிட்டுக் கிளம்புவோம்.

சாப்பாட்டுக்கு அவல், பொட்டுக்கடலை, கடலைமிட்டாய், பேரீச்சை. அடுப்பு வேண்டாம், அவலை நனைத்தால் போதும். எங்கள் ஊர்க் கருப்பட்டி நல்லதுதான், ஆனால் மழைக் காற்றுக்குக் கசிந்து எல்லாவற்றிலும் ஒட்டும், தனி டப்பா. கருவாடு வேண்டவே வேண்டாம். ஒரே கூடத்தில் இருநூறு பேர் படுத்திருக்கும்போது வாசனை யார் பையிலிருந்து வருகிறது என்று எல்லாரும் தேடுவார்கள். பிஸ்கட் வாங்கினால் உங்கள் பிள்ளைக்குப் பிடிக்காத பிஸ்கட்டாகப் பார்த்து வாங்குங்கள். பிடித்ததை வாங்கி வைத்தால் புயலுக்கு மிஞ்சாது.

முகாம் என்றால் என்ன என்று ஒருமுறை தங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சோறு வரும். கழிப்பறைக்கு வரிசை நிற்கும். சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட் இருக்கும், அதைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கும். நான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். கரண்ட் இருக்கும்வரை அந்தக் கூடத்தில் எனக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. பெண்களுக்கு நாப்கின், உள்ளாடை, இருட்டான நிறத்தில் ஒரு பெரிய சால்வை. துணி மாற்ற மறைப்பு வேண்டும், அதற்குச் சால்வையும் நாலு கிளிப்பும் போதும். கொசுவத்தியைக் கூட்டத்துக்குள் கொளுத்த விடமாட்டார்கள், பூசுகிற களிம்பு வாங்குங்கள். அடி தடித்த செருப்பு கட்டாயம். காற்றில் பறந்த தகரமும் ஆணியும் தண்ணீருக்கடியில் கிடக்கும். பிள்ளைகள் சட்டைப் பையில் பெயரும் எங்கள் நம்பரும் எழுதிய சீட்டு, கழுத்தில் விசில். விசில் கொடுத்த முதல் நாள் வீட்டில் இருக்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

கிளம்பும்போது மெயின் சுவிட்ச், கேஸ் இரண்டையும் அடைத்துவிட்டு ஆடுகளை அவிழ்த்துவிடுவோம். கட்டிப்போட்டுப் போனால் அவற்றுக்கு வழியே இல்லை. காற்று சட்டென்று நின்றால் முடிந்துவிட்டது என்று முகாமை விட்டு வரக்கூடாது என்று மாமியாரே இப்போது ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். புயலின் கண் கடக்கிற அமைதி அது. கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

மாமியார் தேறிவிட்டார். இப்போது கிளம்ப மாட்டேன் என்று சொல்கிற ஆள் என் வீட்டுக்காரர். அவருடைய சாக்கு, நாட்டுப்படகு. அதைப் பையில் வைக்க முடியாது. தீவுக்கு வடக்கே இருக்கும் வடகடல் மோசமானால் தெற்கே தென்கடல் பக்கம் கொண்டுபோய்க் கட்டுவார்கள், முடிந்தால் கரையேற்றுவார்கள். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். கட்டி முடித்த பிறகும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பார். நின்று பார்த்தால் கயிறு அறாதா என்று கேட்டால் பதில் கிடையாது. பேசிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். 3 ஏறியதுமே படகு வேலையைத் தொடங்கிவிட வேண்டும்; 5 ஏறுவதற்குள் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்; அதற்கு மேல் கரையில் நிற்கக்கூடாது. நான் என் பங்குக்குப் படகை நாலு பக்கமும், பதிவு எண் தெரிகிற மாதிரி, தேதியோடு போட்டோ எடுத்து வைக்கிறேன். எஞ்சின் பில், வலை வாங்கிய ரசீது எல்லாம் டப்பாவில். நாளை கணக்கெடுக்க வருகிறவர்களிடம் வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

போன வாரம் புது வலை எடுத்து வந்தார். ரசீது எங்கே என்றேன். டீக்கடை பெஞ்சில் வைத்தவர் அங்கேயே விட்டுவிட்டாராம். டீக்கடைக்காரர் அதில் வடை மடித்துக் கொடுத்திருக்கிறார். கடைக்குப் போய் இன்னொரு பில் போட்டு வாங்கி வந்த பிறகுதான் இந்த வாரம் அவருக்கு மீன் குழம்பு என்று சொல்லியிருக்கிறேன்.